குமட்டல் மார்க்

கெட்டுப்போகிற இறாலுக்கு மூன்று நாற்றம் உண்டு. முதலில் லேசாகத் தித்திக்கும். அப்புறம் பஸ் ஸ்டாண்டு கழிப்பறை மாதிரி கண்ணில் எரியும். மூன்றாவது வந்துவிட்டால் அதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு மூக்கு தேவையில்லை, தெருவே கத்தும். இந்த மூன்றையும், நடுவே கிடக்கும் ஏழெட்டு உட்பிரிவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள் ஜெசிந்தா. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷம் அதுதான் அவள் உத்தியோகம். தட்டு தட்டாக வரும் இறாலை முகர்ந்து, 'போகலாம்', 'போகக்கூடாது' என்று சீட்டு ஒட்ட வேண்டும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் தன் முழங்கை மடிப்பை ஒருதரம் முகர்ந்துகொள்வாள். சொந்தத் தோலின் வாசனைதான் மூக்குக்குப் பூஜ்யம். அதைத் தொட்டுவிட்டு வந்தால்தான் அடுத்த தட்டு சரியாகத் தெரியும். அந்தத் தொழிலில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்வார்கள்.

பிறகு மூக்குக்கும் மெஷின் வந்தது. கம்பெனி பெண்களை வீட்டுக்கு அனுப்பியது. ஜெசிந்தாவின் மூக்கு ஐந்து மாதம் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் போயும் போயும் ஒரு துப்பாக்கி சுடும் ரேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தது.

துப்பாக்கிக்கும் இறால் மூக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எல்லாம் புதுச் சட்டம் செய்த வேலை. தவசிமுத்து வந்த கதையைச் சொன்னால் அது புரியும்.

அவர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சி வெயிலில். ஐம்பத்திரண்டு வயது, முறுக்கின மீசை, தோளில் கான்வாஸ் உறைக்குள் ரெட்டைக்குழல் துப்பாக்கி, கையில் பிளாஸ்டிக் ஃபைல். கேட்டுக்கு வெளியிலேயே நின்று சந்தேகமாக எட்டிப் பார்த்தார்.

“எம்மா, இது ரேஞ்சுதானா? இல்ல, இதுவும் கல்யாண மண்டபமா?”

“ரேஞ்சுதான். உள்ள வாங்க அண்ணாச்சி.”

“அப்பாடா! லிஸ்டுல நாலு இடம் போட்டிருந்தான். முதல் இடம் இப்ப மண்டபம், ஏசி வசதியோட. ரெண்டாவது போலீஸ் மைதானம், பொதுசனம் உள்ள வரக்கூடாதுங்கான். மூணாவதுக்கு மேப் போட்டுப் போனா குளத்தாங்கரைல கொண்டுபோய் விட்டுட்டு, வந்து சேர்ந்துட்டீங்கன்னு சொல்லுது. தண்ணிக்குள்ளயா சுடச் சொல்லுதான்?”

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வேலையில் சேர்ந்த எட்டு மாதத்தில் அவள் தானாகச் சிரித்தது அன்றைக்குத்தான். ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். அவர் அண்ணாந்து கடகடவென்று குடித்துவிட்டு, இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்தார்.

ரேஞ்சின் முதலாளி பாக்கியநாதன். இளமையில் மாநில அளவில் சுட்டு மெடல் வாங்கியவர். எல்லோருக்கும் 'கோச் சார்'. ஒரு காலத்தில் வட்டம் போட்ட அட்டையில் நடுப்புள்ளியைத் துளைக்கச் சொல்லிக்கொடுத்த மனுஷன். சுடுவதற்கு இருந்த அந்த லேன்களில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். வட்டத்தைச் சுட யாருமே வருவதில்லை. வருகிற அத்தனை பேரும் குமட்டல் மார்க்குக்காக வருகிறவர்கள்.

“சட்டம் இதுதான் அண்ணாச்சி,” என்று ஆரம்பித்தார் பாக்கியநாதன். நூறு தரம் சொன்னதையே சொல்கிற வேகம் அவர் பேச்சில் இருந்தது. “மனுஷனைப் பார்த்து துப்பாக்கிய நீட்டும்போது எவன் வயிறு புரளுதோ, அவன் கையில துப்பாக்கி இருந்தா பயமில்ல. எவனுக்கு ஒண்ணுமே தோணலையோ, அவன் ஆபத்தானவன். வாயால பொய் சொல்லலாம், மூஞ்சியால பொய் சொல்லலாம். வயித்தால சொல்ல முடியாது. அதனால வயித்துல ஒரு பட்டை, மேலுதட்டுல ஒரு சின்ன பிளாஸ்திரி. எதிர்ல ஆளுயர உருவம் எட்டு வரும். எல்லாம் நிஜ மனுஷங்க போட்டோ. நீங்க காலித் துப்பாக்கியால குறிபார்க்கணும். எட்டுக்கும் சராசரி அறுபது வந்தா லைசென்ஸ்.”

“தெரியும் சார். அரசாங்க முகாம்ல ரெண்டு தடவை எழுதிட்டேன். ஒண்ணுல இருபத்திநாலு, ஒண்ணுல இருபத்தொண்ணு.”

“மூணாவதுதான் கடைசி, தெரியும்லா?”

“தெரியும்.” தவசிமுத்து ஃபைலைத் தடவிக்கொண்டார். “பதினேழு வருஷம் மிலிட்டரி. பதினாறு வருஷமா பேங்க் வாசல்ல நிக்கேன். ஒரு தோட்டா வெளிய போனதில்ல. இதுல தோத்தா துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். துப்பாக்கி இல்லாத கன்மேனை எவன் வச்சுக்கிடுவான்? வெறும் மீசைக்கா சம்பளம் குடுப்பான்?”

“கவலைப்படாதீங்க. மூணு வாரத்துல வயித்தப் புரட்டிருவோம். ஜெசிதான் நம்ம ஸ்பெஷலிஸ்ட்.”

ஸ்பெஷலிஸ்ட்! என்ன ஒரு பட்டம். ஒவ்வொரு கிளையண்டுக்கும் எது குமட்டும் என்று கேட்டுக் கண்டுபிடித்து, அந்த நாற்றத்தைக் குப்பியில் அடைத்து வைப்பது அவள் வேலை. கிளையண்டு உருவத்தைக் குறிபார்க்கும் ஒவ்வொரு தடவையும் அவன் மூக்குக்குக் கீழே அந்தக் குப்பி இருக்கும். அப்படியே மூன்று வாரம். அப்புறம் குப்பியை எடுத்துவிட்டாலும் உருவத்தைப் பார்த்தால் வயிறு தானாகப் புரளும். சில பேருக்கு மலைப்பாதை பஸ்ஸைக் கண்டாலே வாந்தி வருமே, அது மாதிரிதான். பரீட்சை நாளில் மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது.

மனுஷர்களைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஜெசிந்தா என்றைக்கும் ஆசைப்பட்டதில்லை. கட்டப்பஞ்சாயத்தில் நாலு பேர் கையை ஒடித்த ஒருத்தனுக்குப் பால் ஆடைதான் ஆகாது. லாரி வைத்திருக்கும் ஒருவருக்கு அவித்த முட்டை. ஒரு கவுன்சிலருக்கு ஈரத் தலைமுடி. முனிசிபல் சாக்கடையில் சிக்கினதைக் கேட்டு வாங்கி வந்து வாரக்கணக்கில் ஊறவைத்தாள். சீ! அவன்கள் அத்தனை பேரும் குமட்டி, கண்ணில் நீர் வடிந்து, கடைசியில் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, ஒரு பாக்கெட் அல்வாவை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சோற்றில் கை வைக்க முடியாது. வேலையின்போது மூக்கில் கிளிப் மாட்டிக்கொள்வாள். பிழைப்புக்கு இருக்கிற ஒரே மூக்கு அது. அப்படியும் அந்தக் கருமம் துணியில் ஏறி வீடு வரை வந்துவிடும்.

தவசிமுத்துவிடம் எந்தக் குப்பியும் பலிக்கவில்லை. இறாலின் மூன்றாம் நாற்றத்தை நீட்டினாள். மீசை அசையவில்லை. செத்த எலி, சாக்கடை முடி, புளித்துப் புழு வைத்த மாவு என்று ஒவ்வொன்றாகத் திறந்தாள். மனுஷன் கோயில் பிரசாதத்தை முகர்கிறவர் மாதிரி அமைதியாக உட்கார்ந்திருந்தார். மெஷின் திரையில் பதினெட்டு, இருபது, பத்தொன்பது என்றே வந்தது.

நாலாம் நாள் அவளுக்கு ஆற்றாமை வந்துவிட்டது. “உங்களுக்கு மூக்கு இருக்கா இல்லையா அண்ணாச்சி?”

“இருக்கும்மா. நாத்தம் நல்லா வீசுது.” நீட்டின குப்பியை அவள் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்தார். “சுனாமி வந்தப்போ எனக்கு இருபத்திரண்டு வயசு. எங்க யூனிட்டக் கொண்டுவந்து கடற்கரைல இறக்கினாங்க. ஒன்பது நாள். முதல் ரெண்டு நாள் மூஞ்சிய மூடிக்கிட்டுத்தான் தூக்கினேன். மூணாம் நாள் ஒரு அம்மாவத் தூக்கையில, அவங்க மக பக்கத்துல நின்னு என் மூஞ்சித் துணியவே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு. துணிய அவுத்து எறிஞ்சிட்டேன். அதுக்கப்புறம் நாத்தம்னாலே எனக்கு அவங்க ஞாபகந்தான் வருது. அவங்க மேல எப்படிம்மா குமட்டும்?”

ஜெசிந்தா குப்பிகளை ஒவ்வொன்றாக மூடினாள்.

“அப்போ உருவத்த நோக்கித் துப்பாக்கிய நீட்டையில உங்களுக்கு என்னதான் தோணுது?”

“பாவமா இருக்கு. அதுவும் அந்த ஏழாம் நம்பர். நீதானே அது? சிரிச்சிக்கிட்டு நிக்கியே, பிள்ள. செம்புத் தண்ணி குடுத்த பிள்ளையப் பார்த்து எவன் துப்பாக்கிய நீட்டுவான்?”

ஆமாம், ஏழாம் நம்பர் அவள்தான். உருவங்கள் உள்ளூர் மனுஷர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. போட்டோ எடுக்க ஒருத்தரும் முன்வரவில்லை. துப்பாக்கிக்கு முன்னால் போய் நின்றால் ஆயுசு குறையும் என்று ஓடினார்கள். கடைசியில் பாக்கியநாதன் ஜெசிந்தாவின் தெருவிலிருந்து ஆறு ஆண்களை, கல்லுடைக்கப் போகிறவர்களை, ஒரு நாள் கூலியும் பிரியாணியும் கொடுத்து அழைத்து வந்தார். பெண் உருவம் ஒன்று குறைந்தது. “ஏளா ஜெசி, நீயே நின்னுரு,” என்றார். மஞ்சள் சுடிதாரில் நின்றாள். போட்டோகிராபர் சிரிக்கச் சொன்னான், சிரித்தாள். எட்டாவதாகப் பாக்கியநாதனின் மைத்துனர், கஞ்சி போட்ட வேட்டி சட்டையும் தங்கச் சங்கிலியுமாக, தானே ஆசைப்பட்டு வந்து நின்றார்.

“எப்படியும் உங்கள பாஸ் பண்ண வச்சிருதேன் அண்ணாச்சி,” என்றாள் ஜெசிந்தா. எதை நம்பிச் சொன்னாளோ, அவளுக்கே தெரியவில்லை.

பாக்கியநாதனிடம் போய், “பாவமா இருக்குங்காரு சார், அதுக்கு மார்க் கிடையாதா?” என்று கேட்டாள்.

“பாவத்துக்கெல்லாம் மெஷின்ல மார்க் கிடையாதுளா. குமட்டணும்.”

அந்த வாரம்தான் குலசேகரன் வந்தார். கல்குவாரி முதலாளி. நாற்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் கோடு போட்ட மாதிரி திருநீறு, அடக்கமான குரல், உட்காரும் முன் வணக்கம் சொல்கிற மரியாதை. தோட்டத்தில் காட்டுப்பன்றி அட்டகாசம் தாங்கவில்லையாம், அதற்குத்தான் துப்பாக்கி. இந்த மாதிரி ஆள் வந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்றுதான் ஜெசிந்தாவுக்கு முதலில் தோன்றியது. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

“வச்சிரும்மா,” என்றார். மேஜையைக் கண்ணால் காட்டினார். “எந்த ஊரு?”

ஊரைச் சொன்னாள்.

“சர்ச்சுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?”

“அந்தப் பக்கம் சார்.”

“அப்படியா. நல்லது, நல்லது,” என்று சிரித்தார். தண்ணீர் அப்படியே இருந்தது. அதன்மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு அவளே எடுத்துக்கொண்டு போனாள். இதெல்லாம் பிறந்ததிலிருந்து பார்ப்பதுதான், அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எது குமட்டும் என்று கேட்டதற்கு அழுகின மீன் என்றார். குப்பியைத் தாங்கியில் செருகி, அவர் மூக்குக்கு நேராக வைத்தாள். தன் மூக்கில் கிளிப்பை மாட்டிக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். முதல் நாள் யாருக்கும் முப்பது தாண்டாது. இவருக்கு முதல் உருவத்திலேயே எண்பத்தெட்டு. அடுத்த ஐந்தும் தொண்ணூறை ஒட்டி. ஏழுக்குத் தொண்ணூற்றாறு. எட்டாவதற்கு மட்டும், என்ன கோளாறோ, பதினொன்று. சராசரி எண்பது!

“முதல் நாளே எண்பதா? இந்த மாவட்டத்துல எவனும் எடுத்ததில்ல!” என்று பாக்கியநாதன் குலசேகரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலசேகரன் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டு காரில் ஏறினார்.

அவர் போனபிறகு ஜெசிந்தா தாங்கியைச் சுத்தம் செய்ய வந்தாள். குப்பியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மூடியைத் திறந்திருந்தாள். ஆனால் உள்ளே வாயில் ஒட்டியிருக்கும் ஈயத் தாளைக் கிழிக்க மறந்திருந்தாள். தாள் கசங்காமல் பளபளவென்று இருந்தது. மூக்கில் கிளிப் இருந்ததால் நாற்றம் வரவில்லை என்பது அவளுக்கும் தெரியவில்லை. பதினோரு வருஷத் தொழிலில் அவள் செய்யாத தப்பு.

அப்படியென்றால் அந்த எண்பது எங்கிருந்து வந்தது?

மறுபடியும் திரையைப் போட்டுப் பார்த்தாள். ஒன்று முதல் ஆறு வரை அவள் தெரு. ஏழு அவள். எட்டு வேட்டி சட்டை, தங்கச் சங்கிலி. அதற்குப் பதினொன்று.

அந்த ஆளுக்குச் சுடுவது குமட்டவில்லை. நாங்கள்தான் அவனுக்குக் குமட்டியிருக்கிறோம்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். பழக்கத்தில் கை தானாக மடங்கி முழங்கை மூக்குக்கு வந்தது. மூச்சை இழுத்தாள். சோப்பு, வியர்வை, தோல். என்றைக்கும் இருக்கிற வாசனைதான். ஆனால் இன்னொருதரம் இழுத்தாள். இன்னொருதரமும். ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. தூ, என்ன பிழைப்பு இது என்று கையை உதறினாள்.

பாக்கியநாதனிடம் குப்பியைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் ஈயத் தாளைத் தட்டிப் பார்த்தார்.

“நாத்தமே இல்லாம எண்பதா? அப்போ இயற்கையிலயே நல்ல மனுஷன்!”

“சார், எட்டாம் நம்பரப் பாருங்க. பதினொண்ணு. உங்க மச்சானைச் சுடுறதுக்கு அவருக்கு வயிறு புரளல. எங்களப் பார்த்தாத்தான் புரளுது. துப்பாக்கியே கையில இல்லாட்டாலும் புரளும். மெஷின் அதுக்குப் போய் நல்லவன்னு மார்க் போடுது.”

பாக்கியநாதன் குப்பியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் ஜெசிந்தாவுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. புரியாத முட்டாளாக இருந்திருந்தால் மன்னித்திருப்பாள்.

“ஏளா, நமக்கு எதுக்கு அந்த ஆராய்ச்சி? வர்றவன் பாஸ் பண்ணணும், அவ்வளவுதான். அவரு குவாரிலதான் உங்க தெரு முழுக்க வேலை பார்க்குது. வாயப் பொத்திக்கிட்டு இரு.”

பரீட்சை நாள் வந்தது. சீல் வைத்த மெஷினோடு லைசென்ஸ் பிரிவு அதிகாரி வந்திறங்கினார். வசுமதி என்று பெயர். ஐம்பதை நெருங்கும் வயது, களைத்த முகம், கையில் தூக்குவாளி. மெஷினைப் பூட்டும் முன் ஜெசிந்தா அவரிடம் போனாள். குப்பியையும் திரையிலிருந்து எடுத்த தாளையும் நீட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். நாற்றம் காட்டிப் பயிற்சி கொடுப்பதையும் சேர்த்துச் சொன்னாள். சொன்னால் வேலை போகும் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

வசுமதி தாளை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார். கெட்ட மனுஷி இல்லை. காதுகொடுத்துத்தான் கேட்டார்.

“நீ சொல்றது புரியுதும்மா. ஆனா நான் என்ன எழுதுறது? விண்ணப்பதாரருக்கு அருவருப்பு இருக்கான்னுதான் படிவம் கேக்குது. இருக்கு. எதுமேலன்னு கேக்கறதுக்குக் கட்டம் இல்ல.”

“கீழ ஒரு வரி எழுதக் கூடாதா மேடம்?”

“கட்டத்துக்கு வெளிய எழுதினா கம்ப்யூட்டர் படிவத்தையே ஏத்துக்காது. இந்தப் பயிற்சி விஷயத்த மட்டும் மேல எழுதிப் போடறேன். அதுக்கும் பதில் வர எப்படியும் ஒரு வருஷம் ஆகும்.” தாளை நாலாக மடித்து அவளிடமே கொடுத்தார்.

குலசேகரன் முதலில் போனார். அடக்கமாக நின்று, எட்டு உருவத்தையும் ஒவ்வொன்றாகக் குறிபார்த்தார். எண்பத்திரண்டு. வெளியே வந்து கைகூப்பினார். “நல்லா சொல்லிக் குடுத்தீங்கம்மா,” என்று ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டு, அல்வாப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

அடுத்தது தவசிமுத்து. அன்றைக்கு வங்கிச் சீருடையில் வந்திருந்தார், சலவை மடிப்பு கலையாமல். வயிற்றில் பட்டையைக் கட்டும்போது ஜெசிந்தா குனிந்து மெதுவாகச் சொன்னாள். “அண்ணாச்சி, யாரையாவது நினைச்சிக்கோங்க. உங்களுக்குக் கண்ணுல காணப் பிடிக்காத யாராவது. ஒருத்தன் கூடவா இல்ல?”

அவர் நிஜமாகவே யோசித்தார். “கோவம் வர்ற மாதிரி நாலஞ்சு பேர் உண்டு. குமட்டுற அளவுக்கு யாரும் இல்லையேம்மா.”

ஒன்று முதல் ஆறு வரை பல்லைக் கடித்துக்கொண்டு குறிபார்த்தார். ஏழு வந்தது. மஞ்சள் சுடிதார், சிரிப்பு. துப்பாக்கியின் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து தரையைப் பார்த்தது. பதினாறு வருஷம் வங்கி வாசலில் அது பார்த்து நின்றதும் தரையைத்தான். வசுமதி, “நிமித்துங்க, நேரம் போகுது,” என்றார். தவசிமுத்து மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கன்னத்தில் வழிந்ததை மீசை வாங்கிக்கொண்டது. மெஷின் தன் பாட்டுக்குக் கணக்கைப் போட்டு முடித்தது. பத்தொன்பது.

'விண்ணப்பதாரரிடம் மனித உயிர் குறித்த இயல்பான விலக்கம் இல்லை. ஆயுதம் வைத்திருக்கத் தகுதியற்றவர்.' திரை அழகான தமிழில் சொன்னது.

வசுமதி பேனாவை மூடினார். துப்பாக்கிக்கு ரசீது எழுதிக் கொடுத்து, ஸ்டேஷன் ஜீப்பில் ஏற்றச் சொன்னார். தவசிமுத்து உறையின் ஜிப்பை இழுத்து மூடி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி, அதைத் தானே ஜீப்பில் வைத்துவிட்டு வந்தார். ஜெசிந்தா அழுதுகொண்டிருந்தாள். வாக்குக் கொடுத்தது அவள்தானே.

“எதுக்குளா அழுத? அரசாங்கமே சொல்லிட்டு, நான்தான் ஆபத்தான ஆளாம்,” என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “ஒரு செம்பு தண்ணி குடு. போறேன்.”

குடித்துவிட்டுப் போனார். பஸ் நிற்கும் இடம் வரை அவர் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தேதான் போயிற்று. இத்தனை வருஷம் சுமந்த பக்கம் அது.

மறுநாள் காலை ஃப்ளெக்ஸ் வந்திறங்கியது. 'மாவட்டத்தின் முதலிடம்! 82 மதிப்பெண்! மனிதநேயச் செம்மல்!' என்று கொட்டை எழுத்து. நடுவில் ஆளுயரத்துக்குக் குலசேகரன், வேட்டி சட்டையில், கைகூப்பிக்கொண்டு. கேட்டில் கட்டுவதற்குச் சவுக்குக் கம்பு நடவேண்டும் என்று பாக்கியநாதன் வெளியே போனார். போகும்போது ஃப்ளெக்ஸை உருவங்கள் நிற்கும் சுவரில், ஏழாம் நம்பருக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டுப் போனார்.

ஜெசிந்தா குப்பிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வேலையை விட்டுப் போய்விடுவது என்று இரவே முடிவு செய்திருந்தாள். சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் முடிந்தது. நிமிர்ந்தபோது அந்தக் கூப்பிய கை கண்ணில் பட்டது. அந்த அடக்கமான சிரிப்பு. மனிதநேயச் செம்மலாம். வச்சிரும்மா என்று மேஜையைக் காட்டின கண்.

அவள் ரேஞ்சின் பயிற்சிப் பட்டையை எடுத்துத் தன் வயிற்றில் கட்டினாள். மேலுதட்டில் பிளாஸ்திரியை ஒட்டினாள். பயிற்சித் துப்பாக்கியைத் தூக்கி, அந்தக் கூப்பிய கைகளுக்கு மேலே, திருநீற்றுக் கோட்டுக்கு நேராக நீட்டினாள். இத்தனை மாதமாகப் பார்த்துப் பார்த்துக் கற்றது, குறி ஆடவில்லை. மூக்கில் கிளிப் இல்லை. அறையில் ஒரு குப்பியும் திறந்திருக்கவில்லை. வயிற்றின் அடியிலிருந்து புரண்டு எழும்பி வாய்வரை வந்தது. வேண்டுமென்றே அதை நிறுத்தாமல் விட்டாள். சத்தியமாகச் சொன்னால், சுகமாக இருந்தது.

திரையில் பச்சை விளக்கு எரிந்தது. தொண்ணூற்றேழு.

'வாழ்த்துகள். தங்களிடம் மனித உயிர் குறித்த இயல்பான விலக்கம் மிக உயர்ந்த அளவில் உள்ளது. ஆயுதம் வைத்திருக்கத் தகுதியானவர்.'

துப்பாக்கியை இறக்காமல் அதை வாசித்தாள். அப்புறம் வேகமாகக் கீழே வைத்தாள். கை தானாக மடங்கி மூக்கருகே வந்தது. மூச்சை இழுக்கப் பயமாக இருந்தது.

எந்த மார்க் வந்தாலும் முதலாளியின் போனில் மணி அடிக்கும். கேட்டுப் பக்கத்திலிருந்து பாக்கியநாதன் கத்தினார்.

“ஏளா ஜெசி! தொண்ணூத்தேழா? யாருளா உள்ள, புதுக் கிளையண்டா? பேரச் சொல்லச் சொல்லு, இந்தக் கம்பு நட்ட கையோட அவருக்கும் ஒரு ஃப்ளெக்ஸ் அடிச்சிருவோம். போட்டோ இருக்கான்னு கேளு!”

அவள் சுவரைப் பார்த்தாள். கைகூப்பி நிற்கும் குலசேகரனுக்குப் பக்கத்தில் ஏழாம் நம்பர் மஞ்சள் சுடிதாரில் சிரித்துக்கொண்டு நின்றது.

“இருக்கு சார்,” என்றாள்.